மருதாணிக்கு நான்கு

என் வீட்டுக்காரர் நட்சத்திரம் பார்க்கிறவர் என்று ஊரில் சொல்லிக்கொள்வார்கள். அது தப்பு. பார்க்கிறதெல்லாம் நான்தான். மாடிக்குத் துணி எடுக்கப் போனால் அண்ணாந்து நின்றுவிடுவேன். அவர் டெலஸ்கோப்பை ஒரு நட்சத்திரத்தின்மேல் நிறுத்திவிட்டு, குனிந்து மடிக்கணினியைத்தான் பார்த்துக்கொண்டிருப்பார். நட்சத்திரத்தின் அழகு அவருக்கு வேண்டாம். அதன் வெளிச்சத்தைப் பிரித்துப் போட்டால் உள்ளே என்னென்ன இருக்கிறது என்கிற கணக்குதான் வேண்டும். கொரோனா இரண்டாம் அலையில் அவர் போய்ச் சேர்ந்தார். துக்கம் விசாரிக்க வந்தவர்களிடம் நான் சொல்லாத ஒன்றை இங்கே சொல்லிவிடுகிறேன். எனக்கு அவர்மேல் அழுகையைவிடக் கோபம்தான் அதிகம், அது இன்னும் ஆறவில்லை.

எங்கள் ஊர் தஞ்சாவூருக்கும் கும்பகோணத்துக்கும் நடுவில், மெயின் ரோட்டிலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது. அவர் இயற்பியல் பட்டதாரி. வேலைக்கென்று சென்னைக்குப் போய், பிடிக்காமல் திரும்பி வந்து நிலத்தில் இறங்கியவர். போர்வெல் போட்ட நிலம் என்பதால் மேட்டூர் அணை திறந்தாலும் திறக்காவிட்டாலும் எங்களுக்குக் குறுவைச் சாகுபடி உண்டு. நான் பிறந்தது கீழ்வேளூர்ப் பக்கம், கடைமடை. ஆற்றில் தண்ணீர் வந்தால்தான் விதைப்பு என்று வளர்ந்தவள். கோடை வெயிலில் மோட்டாரைப் போட்டு நாற்று விடுகிற இந்த ஊர் எனக்கு முதலில் கொஞ்சம் திமிர் பிடித்த ஊராகத்தான் தெரிந்தது. பக்கத்து டவுன் தபால் நிலையத்தில் எனக்குக் கவுண்ட்டர் வேலை. ஒரே மகள், கல்யாணமாகிச் சிங்கப்பூரில் இருக்கிறாள்.

அவர் செய்ததை எனக்குப் புரிந்த அளவில் சொல்கிறேன். டெலஸ்கோப்பில் பார்த்தாலும் நட்சத்திரம் வெறும் புள்ளிதான். அந்தப் புள்ளியின் வெளிச்சத்தை, மிக நெருக்கமாகக் கோடு கீறிய ஒரு சின்னக் கண்ணாடித் துண்டு வழியாக விட்டால், அது ஊதாவில் தொடங்கிச் சிவப்பு வரைக்கும் ஒரு பட்டையாக விரிகிறது. அதுதான் நிறமாலை. பட்டையில் அங்கங்கே மெல்லிய கறுப்புக் கோடுகள் விழுந்திருக்கும். நட்சத்திரத்தில் இருக்கிற ஒவ்வொரு பொருளும் தனக்கென்று உள்ள இடத்தில் வெளிச்சத்தைத் தின்றுவிடுவதால் வருகிற கோடுகள் அவை. ஹைட்ரஜனுக்கு ஓர் இடம், இரும்புக்கு ஓர் இடம், சோடியத்துக்கு ஓர் இடம். கோடு விழுந்த இடத்தை வைத்து அங்கே என்ன இருக்கிறது, எவ்வளவு சூடாக இருக்கிறது என்று சொல்லிவிடலாம். இடத்தை அளக்க ஓர் அளவுகோல் வேண்டுமே, அதற்கு டியூப்லைட் ஸ்டார்ட்டருக்குள் இருக்கும் குட்டிக் குமிழை எரியவிட்டு அதன் கோடுகளைப் பக்கத்தில் வைத்துக்கொள்வார். வீட்டில் ஏதாவது டியூப்லைட் எரியாவிட்டால் ஸ்டார்ட்டரைத் தேடி நான் கடைக்குப் போனதில்லை, மாடிக்குத்தான் போவேன்.

வருஷக்கணக்காக அவர் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது ஒரே நட்சத்திரத்தை. விருச்சிகத்தின் தலையில் இருப்பது, அனுஷத்து நட்சத்திரங்களில் ஒன்று. மற்றவற்றில் ஹைட்ரஜன் கறுப்புக் கோடாக விழுகிற இடத்தில், இதில் சிவப்பாக ஒளிர்கிற கோடு இருக்கும். அது வேகமாகச் சுழன்று தன்னைச் சுற்றி வாயுவை வாரி இறைக்கிறது, அதனால்தான் அப்படி என்பார். அந்தக் கோடு சில வருஷம் உயரும், சில வருஷம் தாழும். உலகத்தில் அங்கங்கே அவரைப் போன்றவர்கள் அளந்து இணையத்தில் ஒரு குழுவுக்கு அனுப்பிக்கொண்டிருந்தார்கள். எனக்கு ஜென்ம நட்சத்திரமே அனுஷம். கோவிலில் அர்ச்சனைக்குச் சொல்கிற நட்சத்திரத்தை இந்த மனுஷர் பிரித்துப் போட்டு அளக்கிறாரே என்று, "என் ஜாதகத்துல கோளாறு எதுவும் தெரியுதாங்க?" என்று கேட்பேன். "நெறைய வாரி எறைக்குது. கை தாராளம்" என்பார். அன்றைக்கு நான் எடுத்த புதுப் புடவை கண்ணில் பட்டிருக்கும்.

ஆரம்பத்தில் அவர் ஒரு தடவை அவமானப்பட்டார். பட்டையில் சிவப்பு முடிகிற பக்கத்தில் சீப்புப் பல் மாதிரி நெருக்கமாகக் கறுப்புக் கோடுகள் தெரிந்தன. புத்தகத்தில் அந்த நட்சத்திரத்துக்கு அங்கே எதுவும் போட்டிருக்கவில்லை. நட்சத்திரத்தில் புதிதாக ஏதோ நடக்கிறது, அதைத் தான்தான் முதலில் பார்த்தோம் என்று நினைத்து இணையத்தில் இருந்த அந்தக் குழுவுக்கு அனுப்பிவிட்டார். பதில் மரியாதையாகத்தான் வந்தது. அந்தக் கோடுகள் நட்சத்திரத்தில் இல்லை, உங்கள் தலைக்குமேல் இருக்கிற காற்றின் ஆக்சிஜன் போட்டவை, எந்த நட்சத்திரத்தைப் பார்த்தாலும் தெரியும் என்று எழுதியிருந்தார்கள். மூச்சு விடுகிற காற்றையே கண்டுபிடித்ததாகச் சொல்லிவிட்டோமே என்று சில நாள் சரியாகச் சாப்பிடவில்லை. பிறகு ஒருநாள் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார். "பாதிக் கோடு நட்சத்திரத்தோடதே இல்ல. நம்மளோடது. மொதல்ல நம்மளக் கழிக்கணும். அப்பறம் மிஞ்சறதுதான் அது."

அதற்குப் பிறகு கருவி காட்டுகிற எதையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டதில்லை. காற்றின் ஆக்சிஜனைக் கழிப்பார், ஈரத்தைக் கழிப்பார். நடவுக்குத் தண்ணீர் கட்டினால் ஈரக் கோடு தடித்துவிடுகிறது என்று சுற்றுவட்டார வயலையெல்லாம் திட்டுவார். அதில் எங்கள் வயலும் சேர்த்தி. நெல் கொள்முதல் நிலையத்தில் குவியலுக்குக் காவலாகப் போட்ட விளக்கின் வெளிச்சத்தைக் கழிப்பார். கேமராவின் சூட்டைக் கழிப்பார். இதெல்லாம் மாடியோடு நின்றிருந்தால் எனக்கென்ன. காய்ச்சல் பார்க்கிற தெர்மாமீட்டர் குறைத்துக் காட்டுகிறது என்று அரை டிகிரி கூட்டுவார். ரத்தக்கொதிப்பு மெஷின் கூட்டிக் காட்டுகிறது என்று எனக்குக் குறைப்பார். நானோ தபால் எடை போடுகிறவள். தராசு என்ன காட்டுகிறதோ அதுதான் எடை, அதற்குத்தான் ஸ்டாம்ப், கவுண்ட்டருக்கு அந்தப் பக்கம் நிற்கிறவர் ஆயிரம் காரணம் சொன்னாலும் சரி. "ஒன் தராச யாரு எடை போட்டாங்க?" என்று கேட்டுவிட்டுச் சிரிப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இதில் எரிச்சல் என்னவென்றால், விசாரித்துப் பார்த்தால் பெரும்பாலும் அவர் சொன்னதுதான் சரியாக இருக்கும்.

இரண்டாம் அலை வந்தபோது தெருவுக்குத் தெரு தடுப்புக் கட்டினார்கள். தபால் நிலையத்தை மூட முடியாது. முதியோர் பென்ஷனும் மருந்துப் பார்சலும் வந்துகொண்டுதான் இருந்தன. நான் முகக்கவசத்தோடு போய்வந்துகொண்டிருந்தேன். மகளுக்கு அங்கே இருப்புக் கொள்ளவில்லை. விரலில் மாட்டி ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று பார்க்கிற கிளிப்பை, மருந்துக்கடையில் கிடைக்காத அந்த நேரத்தில், யார் யாரையோ பிடித்து எங்களுக்கு அனுப்பிவைத்தாள். பெட்டியைப் பிரித்ததும் அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே. ஊரே செத்துக்கொண்டிருக்கிறது, இவருக்குச் சிரிப்பு.

"இது என்ன தெரியுதா? இதுவும் ஸ்பெக்ட்ராஸ்கோப்தான். கண்ணுக்குத் தெரியற செவப்பு ஒண்ணு, தெரியாத செவப்பு ஒண்ணு, ரெண்டு வெளக்கு. ரத்தத்துல ஆக்சிஜன் இருந்தா இந்தச் செவப்ப விட்டுடும். இல்லேன்னா தின்னுடும். எது எவ்ளோ வருதுன்னு பாத்து நம்பர் சொல்லுது. அங்க மாடியில பாக்கறததான் இங்க வெரல்ல பாக்குது."

என் விரலில் மாட்டினார். தொண்ணூற்றெட்டு. அவர் விரலில் மாட்டினார். தொண்ணூற்றாறு.

அந்த இரண்டு எங்கே போயிற்று என்று உடனே ஆராய்ச்சியில் இறங்கினார். அதற்குக் காரணம் அவர் விரலிலேயே இருந்தது. அப்போது எங்களுக்குக் குறுவை நடவு. நடவுக்கு ஆட்கள் வரப் பயந்தார்கள். வந்த நாலைந்து பேரோடு அவரும் நாள் முழுக்கச் சேற்றில் நின்றார். கால்விரல் இடுக்கெல்லாம் வெந்து சேற்றுப்புண், நாற்று முடியைப் பிடித்துப் பிடித்துக் கைவிரலும் அப்படியே. சேற்றுப்புண்ணுக்கு எங்கள் பக்கம் வைத்தியம் மருதாணிதான். இலையை அரைத்து இருபது விரலுக்கும் அப்பிக்கொண்டு படுத்தால் எரிச்சல் அடங்கும், தோல் கெட்டிப்படும். ஆம்பிளை மருதாணி வைப்பதா என்று சேற்றில் இறங்குகிற ஊரில் யாரும் கேட்க மாட்டார்கள். அவர் விரல் நுனியெல்லாம், நகம் உட்பட, காய்ந்த ரத்தம் மாதிரி சிவந்து கிடந்தது.

"மருதாணி செவப்ப தின்னுது. அந்த மெஷினுக்கு அது தெரியாது, ரத்தம்தான் தின்னுடுச்சுன்னு நெனச்சுக்குது" என்றார். சும்மா சொல்லவில்லை. என் ஒரு கைவிரலுக்கு மட்டும் மருதாணி வைத்து, மறுநாள் காலையில் இரண்டு கைக்கும் மாட்டிப் பார்த்தார். வைத்த விரலில் தொண்ணூற்றாறு, வைக்காத விரலில் தொண்ணூற்றெட்டு. அவர் சொன்னதுதான் சரி. "மருதாணிக்கு ரெண்டு" என்று முடிவாயிற்று. அன்றிலிருந்து தன் விரல் என்ன காட்டினாலும் அதோடு இரண்டைக் கூட்டிக்கொண்டார்.

நடவு தொடர்ந்தது. தினமும் மருதாணி, பழைய சிவப்பின்மேல் புதுச் சிவப்பு. அவருக்கு உடம்பு வலி இருந்தது, நடவில் நின்றவருக்கு உடம்பு வலிக்காமல் என்ன செய்யும். லேசாகத் தொண்டை கட்டியிருந்தது, சேற்றில் நின்றவருக்குச் சளி பிடிக்காமல் என்ன செய்யும். ஒருநாள் கிளிப் தொண்ணூற்றைந்து காட்டியது, பிறகு தொண்ணூற்று நான்கு. கறை ஏற ஏற அது அதிகமாகச் சிவப்பைத் தின்கிறது, திருத்தத்தையும் ஏற்ற வேண்டும் என்றார். இரண்டு நான்காயிற்று. என் விரலில் மருதாணி அதற்குள் மங்கிப்போயிருந்ததால் அதை வைத்துச் சரிபார்க்க வழியில்லை, அப்படித் தோன்றவும் இல்லை.

பிறகுதான் காய்ச்சல் வந்தது. சுகாதார நிலையத்திலிருந்து வந்து இரண்டு பேருக்கும் மூக்கில் குச்சி விட்டு எடுத்துப் போனார்கள். இரண்டு பேருக்கும் இருந்தது. எனக்கு இருமலோடு சரி. தகவல் சொல்ல வந்த நர்ஸ் வாசலில் நின்றபடியே, "தொண்ணூத்தி நாலுக்குக் கீழ போனா வெயிட் பண்ணாதீங்க சார், ஒடனே கெளம்பி வந்துடுங்க" என்றாள். இவர் கையை விரித்துக் காட்டி, மருதாணி வைத்த விரலுக்கு எப்படி என்று கேட்டார். "மருதாணியா? கொஞ்சம் கொறச்சுத்தான் சார் காட்டும்" என்று சொல்லிவிட்டு அந்தப் பெண் அடுத்த வீட்டுக்கு ஓடினாள். அவளுக்கு அன்றைக்கு எத்தனை வீடோ. இவருக்கு அந்த ஒரு வார்த்தை போதுமாயிருந்தது.

அதற்கப்புறம் தினமும் இதே கணக்குதான். கிளிப் தொண்ணூற்றொன்று காட்டும், அவர் தொண்ணூற்றைந்து என்பார். தொண்ணூறு காட்டும், "நாலு கூட்டினா தொண்ணூத்தி நாலு. கீழ போகல" என்பார். மகள் காலையிலும் மாலையிலும் கூப்பிடுவாள்.

"அப்பா, நம்பர் என்னப்பா?"

"தொண்ணூத்தஞ்சு."

"நெஜமாவா?"

"நான் எப்ப பொய் நம்பர் சொல்லியிருக்கேன்?"

சொன்னதில்லைதான். அதனால்தான் அவளும் நம்பினாள். கணக்குப் போட்டுச் சொல்கிற எண் என்று அவளுக்குத் தெரியாது. நான் பின்னாலிருந்து சத்தமாகச் சொல்லியிருக்கலாம் என்று உங்களுக்குத் தோன்றும். ஒருநாள் சொன்னேன். "தொண்ணூத்தொண்ணுதான் காட்டுது, இவரு கூட்டிச் சொல்றாரு." உடனே அவர் மகளுக்கு மருதாணிச் சோதனை முழுவதையும் விளக்கினார். சிவப்பு எப்படிப் போகும், எப்படி நிற்கும், அம்மா விரலில் எப்படி நிரூபணமாயிற்று என்று. மகளும் படித்தவள். கேட்டு முடித்து, "அப்ப சரிம்மா, நீ பயப்படாத" என்று எனக்குத் தைரியம் சொன்னாள். எத்தனை அழகான விளக்கம் அது. குறை கண்டுபிடிக்க எனக்கும் தெரியவில்லை.

தெரியாவிட்டாலும் சண்டை போட்டேன். "காட்டறத வச்சுப் போவோங்க. தப்பாயிருந்தா திரும்பி வந்துடலாம்" என்றேன். ஆஸ்பத்திரியில் இல்லாத நோயையும் வாங்கிக்கொண்டு வரச் சொல்கிறாயா என்று கேட்டார். மருதாணி இல்லாத இடத்தில் பார்க்கலாம் என்று அவர் காது மடலில் மாட்டினேன். வெறும் கோடு மட்டும் ஓடியது, எண் வரவில்லை. கால்விரலும் சிவப்பு. மூச்சு குறைந்தால் நகம் நீலம் பாயும் என்று தபால் நிலையத்தில் யாரோ சொல்லியிருந்தார்கள். நகத்தைப் பிடித்துப் பார்த்தேன். இருபது நகமும் சிவப்பாக இருந்தது, நீலம் எங்கே தெரியும்? அவரும் நன்றாகத்தான் இருந்தார். அதுதான் இந்த நோயின் வஞ்சகம். மூச்சுத் திணறவில்லை, சாப்பிட்டார், வரப்பு வரைக்கும் நடந்துபோய் நட்ட வயலைப் பார்த்துவிட்டு வந்தார். முன்னிரவில் மாடிக்கு ஏறி, அனுஷம் கிழக்கே ஏறுகிறது, வானம் சுத்தமாக இருக்கிறது, வண்டிப் புகை இல்லாத வானத்தை வீணாக்குகிறோமே என்று வருத்தப்பட்டார். எங்கிருந்தோ வருகிற வெளிச்சத்தில் தலைக்குமேல் இருக்கிற ஆக்சிஜனைக் கண்ட மனுஷருக்குத் தன் ரத்தத்தில் அது இல்லாமல் போவது தெரியவில்லை.

மகள்தான் பிடித்தாள். வீடியோவில் பேசிக்கொண்டிருந்தவள் திடீரென்று கத்தினாள். "அம்மா, அப்பா ஏன் நாலு வார்த்தைக்கு ஒரு தடவ நிறுத்தறாரு? எப்பலேர்ந்து இப்படிப் பேசறாரு?" எப்போதிலிருந்து என்று எனக்கே தெரியவில்லை. கூடவே இருந்து கேட்டுக்கொண்டிருந்ததால் காதுக்குப் பழகிப்போயிருந்தது. கிளிப்பை மாட்டினேன். எண்பதுக்கும் கீழே போயிருந்தது. எந்தத் திருத்தத்துக்கும் எட்டாத எண் அது. அவர் அதைப் பார்த்துவிட்டுச் சட்டையைத் தேடினார்.

அவர் போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்லிவிட்டு அந்தக் காலைக்கு வருகிறேன்.

காரியமெல்லாம் முடிந்து வீட்டில் தனியாக இருந்தபோது, கொல்லையில் நின்ற மருதாணியைப் பறித்து அரைத்து என் பத்து விரலுக்கும் வைத்துக்கொண்டேன். மறுநாளும் வைத்தேன். அவர் வைத்தது போலவே சிவப்பின்மேல் சிவப்பாக, நகம் கறுத்துப்போகிற வரைக்கும் விடாமல் வைத்தேன். தினமும் காலையில் கிளிப்பை மாட்டிப் பார்த்தேன். பார்க்க வந்த நாத்தனார் வாசலிலேயே நின்றுவிட்டார். "என்னம்மா இது, தாலியக் கழட்டின கையில மருதாணியா? அவன் சாம்பல் இன்னும் ஆறலியே. ஊரு என்ன பேசும்?" என்று தலையில் அடித்துக்கொண்டார். "கணக்குப் பாக்கறேங்க அண்ணி" என்றேன். எனக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று ஊர் முழுக்கச் சொல்லிவிட்டார். சொல்லட்டும். எவ்வளவு கறுத்தாலும் என் விரல் தொண்ணூற்றாறுக்குக் கீழே இறங்கவே இல்லை. மருதாணிக்கு இரண்டு என்று அவர் கண்டுபிடித்தது சரி. அடுத்து ஏற்றிய இரண்டு மருதாணியால் வந்தது இல்லை. அது நோய். நோய் உள்ளே வந்து முதல் இரண்டைத் தின்றபோது, அதைத் திருத்தம் என்று பெயர் வைத்துக் கூட்டிக்கொண்டார். இதை யாரிடம் போய்ச் சொல்வது? சொன்னால் புரிந்துகொள்ளக்கூடிய ஒரே ஆள் அவர்தான்.

இனி அந்தக் காலை. ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டால் நேரமாகும் என்றார்கள். பக்கத்து வீட்டுக்காரர் ஈரத்துண்டை மூக்கில் கட்டிக்கொண்டு தன் வேனை எடுத்தார். அந்த நாளில் அது சின்ன உதவி இல்லை, அவர் வீட்டிலும் குழந்தைகள் இருந்தன. டவுன் ஆஸ்பத்திரி வாசலிலிருந்து ரோடு வரைக்கும் வண்டிகள் நின்றன. ஒவ்வொரு வண்டியிலும் யாரோ ஒருவர் படுத்திருந்தார், யாரோ ஒருவர் விசிறிக்கொண்டிருந்தார். நான் யாரையும் குறை சொல்லவில்லை. உள்ளே இருந்தவர்கள் ஓடிக்கொண்டுதான் இருந்தார்கள், படுக்கை இல்லை, அவ்வளவுதான். ஓர் இளம் டாக்டர் வண்டிக்கே வந்து பார்த்துவிட்டு, "குப்புறப் படுக்க வைங்கம்மா, கொஞ்சம் ஏறும். காலியானதும் கூப்பிடறோம்" என்றார். சாயங்காலம் கூப்பிட்டார்கள். மறுநாள் விடிவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. உள்ளே போன பிறகு அவரிடம் நான் பேசவே முடியவில்லை. கடைசியாகப் பேசியது அந்த வேனில்தான்.

வேன் ஒரு புங்கை மரத்தடியில் நின்றது. அவரைப் பின் சீட்டில் குப்புறப் படுக்க வைத்து, முகத்தை உள்பக்கமாகத் திருப்பி, கீழே உட்கார்ந்து ஒரு கையைப் பிடித்துக்கொண்டிருந்தேன். முதுகு வேகமாக ஏறி இறங்கியது. முதுகைத் தடவிக்கொடுத்தபோது எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இப்போதும் சொல்ல முடியும், அத்தனை கோபம். தராசு காட்டுவதைப் பார்த்துக் கிளம்பியிருந்தால் நாலு நாள் முன்னாலேயே வந்து ஒரு கட்டிலில் கிடந்திருப்பாரே என்று. அறைய வேண்டும்போல் இருந்தது. அதே கையால் அவர் விரலில் கிளிப்பை மாட்டினேன்.

எண் உடனே வரவில்லை. நிலைக்காமல் ஓடி ஓடி, கடைசியில் அறுபத்தெட்டில் நின்றது.

"எவ்ளோ?" என்றார். முகம் சீட்டில் அழுந்தியிருந்ததால் அவருக்குத் தெரிய வழியில்லை.

தொண்ணூற்றெட்டு என்றால் நம்ப மாட்டார். அவர் நம்பக்கூடிய ஓர் எண்ணைத் தேடினேன்.

"தொண்ணூத்தி மூணுங்க."

ஒரு மூச்சு, இன்னொரு மூச்சு. "அப்படியேவா... கூட்டியா?"

"அப்படியே காட்டுதுங்க. இன்னும் கூட்டல."

என் கையில் அவர் விரல்கள் கொஞ்சம் தளர்ந்தன. அவருக்கு நிம்மதி வந்தால் அப்படித்தான் தளரும், எனக்குத் தெரியும்.

"அப்ப... நாலு கூட்டு" என்றார்.

"கூட்டிட்டேங்க," என்றேன். "தொண்ணூத்தேழு."